கேள்வி கேட்கிற பக்கத்தில் நம்ம பொண்ணுங்க



பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வருகிற மாதத்தில் நம் கெடார் பகுதிக் குழுக் கூட்டங்களில் சேமிப்பும் கடன் வசூலும் முடிந்ததும் அடுத்த பேச்சு இதுதான்: “பொண்ணை என்ன படிப்புல சேர்க்கிறது?” நர்ஸ், டீச்சர், இன்ஜினியர், கம்ப்யூட்டர். இந்த நாலைத் தாண்டி நமக்குப் படிப்பின் பெயர் தெரிவதில்லை. மார்க் குறைந்தால் “ஏதாவது ஆர்ட்ஸ்ல போடு” என்கிறோம். அதுக்கும் வழி இல்லை என்றால் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பிக்கிறோம்.

இந்த இதழில் மூன்று படிப்புகளைப் பற்றிச் சொல்கிறோம். சமூக மேம்பாடு, பயன்பாட்டுப் பொருளாதாரம், வடிவமைப்பு. பெயரைக் கேட்டால் பெரிசாக இருக்கும். ஆனால் ஊரைக் கூட்டிப் பேசி ஒரு வேலையை முடிக்கிறோமே, அது முதல் படிப்பு. ரூபாய்க்குக் கணக்குப் பார்க்கிறோமே, அது இரண்டாவது. செய்த பொருளை நாலு பேர் வாங்குகிற மாதிரி செய்ய மெனக்கெடுகிறோமே, அது மூன்றாவது. குழுவில் நாம் வருஷக்கணக்காகச் செய்வதைத்தான் பல்கலைக்கழகத்தில் பாடமாக வைத்திருக்கிறார்கள்.

நம்மைக் கேள்வி கேட்டவர்கள் யார்?

நம் ஊருக்கு அடிக்கடி சர்வே எடுக்க வருகிறார்கள். “எத்தனை ஆடு இருக்கு? எவ்வளவு கடன் இருக்கு? கக்கூஸ் இருக்கா?” என்று கேட்டு எழுதிக்கொண்டு போகிறார்கள். நாமும் டீ கொடுத்துப் பதில் சொல்லி அனுப்புகிறோம். இந்த வழக்கம் நம் மாவட்டத்தில் நூறு வருஷத்துக்கு மேல் பழசு.

1916ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத்தில் கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற இங்கிலாந்துப் பேராசிரியர் பொருளாதாரம் நடத்தினார். புத்தகம் மட்டும் படித்தால் போதாது, ஊருக்குப் போய்ப் பாருங்கள் என்று மாணவர்களிடம் கேள்விப் பட்டியல் கொடுத்து அனுப்பினார். அப்படி எழுதப்பட்ட ஊர்களில் ஒன்று, அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தின் இருவேல்பட்டு. இன்று நம் விழுப்புரம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. 1918இல் அந்த ஆய்வுகள் புத்தகமாக வந்தன. யாரிடம் எவ்வளவு நிலம், கூலி எவ்வளவு, யார் யாரிடம் கடன் பட்டிருக்கிறார் என்று எல்லாம் எழுதி வைத்தார்கள். பிறகு 1930களிலும், 1981ஐ ஒட்டியும், 2008இலும் ஆராய்ச்சியாளர்கள் அதே ஊருக்குத் திரும்ப வந்து, என்ன மாறியிருக்கிறது என்று பார்த்தார்கள். ஒரு பெரிய நிலக்காரக் குடும்பத்தின் பிடி தளர்ந்ததும், விவசாயத்துக்கு வெளியே வேலை பெருகியதும் இந்தக் கணக்குகளால்தான் தெளிவாகத் தெரிய வந்தது.

இப்படி எழுதுகிற எழுத்தை வைத்துத்தான் அரசுத் திட்டம் வருகிறது, வங்கி விதி மாறுகிறது. நூறு வருஷமாக நாம் பதில் சொல்கிற பக்கத்தில் இருக்கிறோம். நோட்டைப் பிடித்துக் கேள்வி கேட்கிற பக்கத்துக்கு நம்ம பொண்ணுங்க எப்போது போவது? சாணி தட்டியவளுக்கும் களை எடுத்தவளுக்கும் பிறந்த பெண் கேட்டால் கேள்வியே வேறு மாதிரி இருக்கும். “வீட்டுக்காரர் என்ன வேலை பார்க்கிறார்?” என்பதோடு நிற்காமல், “நீங்க எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறீங்க?” என்றும் கேட்பாள்.

1. சமூக மேம்பாடு

இதற்கு இளநிலையில் பி.எஸ்.டபிள்யூ. என்று மூன்று வருஷப் படிப்பு உண்டு. எந்தப் பட்டம் முடித்தவர்களும் மேலே எம்.எஸ்.டபிள்யூ. இரண்டு வருஷம் படிக்கலாம். கிராம மேம்பாடு என்ற பெயரிலும் பட்டப்படிப்புகள் உண்டு. வகுப்பில் பாடமும் உண்டு, களப்பணியும் உண்டு. ஒரு ஊரில் பிரச்சினை என்ன என்று கேட்டறிவது, கூட்டம் நடத்துவது, சண்டை வந்தால் இரண்டு பக்கமும் பேசுவது, திட்டம் எழுதுவது, கணக்கு ஒப்படைப்பது எல்லாம் பழக்குவார்கள்.

சென்னை சமூகப்பணிக் கல்லூரி 1952 முதல் நடக்கிறது. திண்டுக்கல் அருகே சின்னாளப்பட்டி பக்கத்தில் காந்திகிராமம் இருக்கிறது. டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் ஜி. இராமச்சந்திரனும் 1947இல் தொடங்கியது. அங்குள்ள கிராமிய நிறுவனத்துக்கு 1976இல் பல்கலைக்கழக நிலை கிடைத்தது. சௌந்தரம் அம்மையார் சின்ன வயதிலேயே கணவரை இழந்தவர். அதற்குப் பிறகுதான் டாக்டருக்குப் படித்தார், மறுமணம் செய்துகொண்டார், பிறகு மத்திய துணை அமைச்சராகவும் இருந்தார். “இனிமே என்ன படிப்பு” என்று சொல்கிறவர்களுக்கு இந்த ஒரு கதை போதும்.

நம் குழு இயக்கமே இந்த வகைப் படிப்புக்காரர்கள் ஊர் ஊராக நடந்து வளர்த்ததுதான். 1989இல் தர்மபுரியில் தொடங்கிய மகளிர் மேம்பாட்டுத் திட்டம், 1990களின் தொடக்கத்தில் நம் பழைய தென்னார்க்காட்டுக்கும் வந்தது. அன்று வந்த களப்பணியாளர்கள் வெளியூர்க்காரர்கள். அடுத்த தலைமுறையில் அந்த வேலைக்கு நம் ஊர்ப் பெண்கள் வரலாம்.

2. பயன்பாட்டுப் பொருளாதாரம்

பொருளாதாரம் என்றால் பட்ஜெட், டாலர் என்று நினைக்கிறோம். அதையே அன்றாடக் காரியத்துக்குப் பயன்படுத்தினால் அதுதான் பயன்பாட்டுப் பொருளாதாரம். ஒரு கணக்கு பாருங்கள்.

ஒருவர் 10,000 ரூபாய் கடன் தருகிறார். வருஷத்துக்கு 12 சதவீத வட்டி, 10 மாதத் தவணை. மொத்தத் தொகைக்கும் கடைசி வரை வட்டி போட்டால் வட்டி 1,000 ரூபாய். மாதம் 1,000 அசல் கட்டக் கட்ட, மீதி இருக்கிற அசலுக்கு மட்டும் வட்டி போட்டால் மொத்த வட்டி 550 ரூபாய்தான். இரண்டு பேரும் “12 சதவீதம்” என்றுதான் சொல்வார்கள். வித்தியாசம் 450 ரூபாய். இந்தக் கணக்கு தெரிந்த பெண் வீட்டில் ஒருத்தி இருந்தால் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன்பே கேள்வி வந்துவிடும்.

இன்னொன்று. மூன்று பேர் ஒரு நாள் முழுக்க மல்லாட்டை மிட்டாய் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மல்லாட்டை, வெல்லம், கேஸ், கவர் எல்லாம் சேர்த்து 700 ரூபாய். விற்றது 1,000. “முன்னூறு லாபம்” என்று சந்தோஷப்படுவோம். ஆளுக்கு 100 ரூபாய்தான் நின்றது. களை எடுக்கப் போயிருந்தாலே அதைவிடக் கூடக் கிடைத்திருக்கும். நம் உழைப்பை நாமே செலவில் எழுதுவதில்லை. அதை எழுதச் சொல்லித் தருவது இந்தப் படிப்பு.

வங்கதேசத்தில் முகமது யூனுஸ் என்பவர் சிட்டகாங் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியராக இருந்தார். பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்து ஊரில் மூங்கில் முக்காலி பின்னுகிற பெண்கள், மூங்கில் வாங்க வியாபாரியிடம் கடன் பட்டு, செய்ததை அவனிடமே அவன் சொன்ன விலைக்கு விற்று வந்தார்கள். அப்படிச் சிக்கியிருந்த 42 பேருடைய கடனையும் கூட்டினால் 27 டாலர்தான் வந்தது. 1976இல் அதைத் தன் கையிலிருந்து கொடுத்து ஆரம்பித்ததுதான் கிராமீன் வங்கியாக வளர்ந்தது. 2006இல் நோபல் அமைதிப் பரிசும் கிடைத்தது. அவர் செய்த முதல் காரியம், கடன் யாருக்கு எவ்வளவு என்று கேட்டு எழுதச் செய்தது.

பி.ஏ. பொருளாதாரம் அரசு கலைக் கல்லூரிகளில் படிக்கக்கூடிய படிப்பு. பன்னிரண்டாம் வகுப்பில் எந்த குரூப் எடுத்தவர்கள் சேரலாம் என்று கல்லூரியில் கேளுங்கள். விழுப்புரம் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரி, திண்டிவனம் கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரி இரண்டிலும் முதலில் விசாரியுங்கள். பஸ்ஸில் போய் வருகிற தூரத்தில் படிப்பு கிடைத்தால் ஹாஸ்டல் செலவு மிச்சம்.

3. வடிவமைப்பு

டிசைன் என்றால் ஜாக்கெட்டுக்குப் பூ வேலை மட்டும் என்று எண்ண வேண்டாம். ஒரு பொருள் யார் கைக்கு, எந்த வேலைக்கு, எந்த விலையில் என்று யோசித்துச் செய்வது வடிவமைப்பு. 1958இல் அமெரிக்காவிலிருந்து சார்லஸ், ரே ஈம்ஸ் என்ற தம்பதி இந்தியா வந்து அரசுக்கு ஒரு அறிக்கை கொடுத்தார்கள். நாட்டில் பார்த்த பொருள்களில் அவர்கள் வியந்து எழுதியது நம் தண்ணீர்ச் செம்பைத்தான். கைக்கு அடங்குவது, தூக்கும்போது பாரம் சரியாக நிற்பது, சாய்த்தால் நேராக ஊற்றுவது, கழுவச் சுலபம் என்று எத்தனை விஷயத்தைத் தலைமுறை தலைமுறையாக நம்மவர்கள் யோசித்திருக்கிறார்கள்! அந்த அறிக்கையை ஒட்டித்தான் 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் வந்தது.

கோயம்புத்தூர் முருகானந்தம் பெயர் குழுக்களுக்குப் புதிதில்லை. மனைவி மாதவிலக்குக்குப் பழைய துணி பயன்படுத்துவதைப் பார்த்து, குறைந்த விலை நாப்கின் இயந்திரம் செய்தவர். பெண்களிடம் கேட்டுக் கேட்டு, பல வருஷம் தப்பும் சரியுமாகச் செய்து பார்த்தார். பெரிய கம்பெனிக்கு விற்காமல் மகளிர் குழுக்கள் இயக்குகிற மாதிரி எளிமையாக அமைத்தார். 2016இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அவர் பெரிய படிப்பு படித்தவரில்லை. அவர் தனியாகத் தட்டுத் தடுமாறிக் கண்டுபிடித்த முறையை, கேட்பது, மாதிரி செய்வது, கொடுத்துப் பார்ப்பது, திருத்துவது என்று வரிசையாகக் கற்றுத் தருகிறார்கள் இன்றைய வடிவமைப்புக் கல்லூரிகளில்.

சென்னையில் மத்திய அரசின் நிஃப்ட் இருக்கிறது. நுழைவுத் தேர்வு உண்டு, கட்டணம் லட்சக்கணக்கில் வரும். கலை அறிவியல் கல்லூரிகள் பலவற்றில் காஸ்ட்யூம் டிசைன் அண்ட் ஃபேஷன் என்ற பி.எஸ்சி. படிப்பு இருக்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மதுரை மனையியல் கல்லூரிக்கு இப்போது சமுதாய அறிவியல் கல்லூரி என்று பெயர். உணவு, ஆடை வடிவமைப்பு, குடும்ப வள மேலாண்மை, ஊர் மக்களுக்கு எடுத்துச் சொல்லும் முறை என்று மூன்று துறையும் கலந்த பாடம் அது. “அடுப்படிப் படிப்பு” என்று கேலி பேசியதற்குத்தான் இன்று இந்தப் பெயர்.

ஏட்டுச் சுரைக்காய் ஆகிவிடாதா?

நியாயமான கேள்வி. பட்டம் வாங்கிய மறுநாளே வேலை வந்து கதவைத் தட்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் ஊரக வாழ்வாதார இயக்கம், தொண்டு நிறுவனங்கள், வங்கிகளின் களப்பணி, மருத்துவமனை, சிறு தொழில் என்று இந்தப் படிப்புக்கு இடம் இருக்கிறது. ஏதாவது ஒரு பட்டம் கேட்கிற அரசுத் தேர்வுகளும் எழுதலாம். முக்கியமாக, குழுவில் அம்மாவோடு உட்கார்ந்து தீர்மானப் புத்தகம் எழுதிய பெண்ணுக்கு இந்தப் பாடம் ஏட்டோடு நிற்காது.

பணமும் ஜாக்கிரதையும்

• தமிழக அரசு 2022 செப்டம்பரில் புதுமைப்பெண் திட்டத்தைத் தொடங்கியது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குக் கல்லூரிக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. பிறகு அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் விரிந்தது. சேரும்போதே இந்த ஆண்டு விதியைக் கல்லூரியில் கேட்டு எழுதிக் கொடுங்கள்.

• கல்விக் கடனில் 4 லட்சம் வரை வங்கி அடமானம் கேட்கக் கூடாது. படிப்பு முடிந்து சிறிது காலம் கழித்துத்தான் தவணை தொடங்கும். அதற்கு முன்பே வாரத் தவணைக் கடன் வாங்கி ஃபீஸ் கட்டாதீர்கள்.

• கல்லூரி எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது, பல்கலைக்கழக மானியக் குழு அங்கீகாரம் உண்டா என்று கேளுங்கள். ஏஜெண்ட் சொன்னதை நம்பி முன்பணம் கொடுக்காதீர்கள்.

• அசல் சான்றிதழைச் சரிபார்த்துவிட்டுக் கல்லூரி திருப்பித் தரணும், வைத்துக்கொள்ளக் கூடாது. ஜெராக்ஸ் எடுத்து வீட்டில் ஒரு செட் வையுங்கள்.

• காந்திகிராமம் போன்ற இடங்களுக்கு நுழைவுத் தேர்வு உண்டா என்று முந்தின டிசம்பரிலேயே விசாரியுங்கள். முடிவு வந்த பிறகு கேட்டால் தேதி போயிருக்கும்.

கல்யாணத்தால் படிப்பை நிறுத்திய சகோதரிகளுக்கும் வழி உண்டு. 1985இல் தொடங்கிய இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலும், 2002இல் தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலும் வீட்டிலிருந்தே படிக்கலாம். ஒரு எச்சரிக்கை: பத்தும் பன்னிரண்டும் முடிக்காமல் நேராகப் பட்டம் வாங்கினால் அது தமிழக அரசு வேலைக்குச் செல்லாது. தனித்தேர்வு எழுதி வரிசையாகப் போவதே நல்லது.

அடுத்த கூட்டத்தில் பேசுவோம்

1. நம் குழுக் குடும்பங்களில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிற பெண்கள் எத்தனை பேர்? பெயர்ப் பட்டியல் எடுப்போமா?

2. விண்ணப்பக் கட்டணம், பஸ் செலவுக்கு உள்கடனில் ஒரு சிறு தொகை ஒதுக்கித் தீர்மானம் போடலாமா?

3. அடுத்த முறை சர்வேக்கு வருகிற மாணவியை அரை மணி நேரம் உட்கார வைத்து, “நீ என்னம்மா படிக்கிற? எப்படிச் சேர்ந்த? எவ்வளவு செலவாச்சு?” என்று நாம் கேட்போமா? அவளிடம் நம் பெண்களைப் பேச விடுவோமா?

பேசியதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, பட்டியலைக் கூட்டமைப்புக்குக் கொடுங்கள். விண்ணப்பம் போட வேண்டிய தேதிகளைக் கேட்டு, ஊக்குநர்கள் மூலம் ஒவ்வொரு குழுவுக்கும் தெரிவிக்கிறோம்.