பரங்கிமலை அஞ்சலட்டை யாருக்குச் சொந்தம்?

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மெட்ராஸிலிருந்து சீமைக்குப் போன பட அஞ்சலட்டைகளில் மெரினாவோடு பரங்கிமலையும் பயணித்தது. 1523இல் போர்த்துகீசியர் எழுப்பிய தேவாலயம், ஆர்மீனிய வணிகர் பெட்ரஸ் உஸ்கான் கட்டித் தந்த படிக்கட்டு என்று மலையில் பார்க்க நிறைய இருந்தது. வீலே அண்ட் கிளைன் போன்ற ஸ்டுடியோக்கள் படமெடுத்தன. மவுண்ட் ரோடு ஹிக்கின்பாதம்ஸ் போன்ற கடைகள் அட்டைகளை வெளியிட்டன.

பட்லர், ஆயா, வண்ணார் என வேலையாட்களை வேடிக்கைப் பொருளாக்கிய அட்டைகளும் அமோகமாக விற்றன. இன்று அவற்றைப் பார்த்தால் சிரிப்பு வராது.

இந்தப் படங்களின் பதிப்புரிமை எப்போதோ காலாவதியாகிவிட்டது. 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் புகைப்படத்துக்கு இருந்த பாதுகாப்பு, வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள்தான். 2012 திருத்தம் அந்தக் கணக்கை மாற்றினாலும், அதற்குள் பொதுவுடைமையான படங்கள் பொதுவுடைமையே.

ஆனாலும் பழைய அட்டையை ஸ்கேன் செய்து, மேலே தன் பெயரைப் பொறித்து உரிமை கோருவோர் உண்டு. பதிப்புரிமைக்கு வெறும் உழைப்பு போதாது, திறனும் மதிப்பீடும் வேண்டும் என்று 2007இல் ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இரு பரிமாணப் படத்தை அப்படியே நகலெடுத்தால் புது உரிமை பிறக்காது என்று நியூயார்க் நீதிமன்றம் 1999லேயே தீர்ப்பளித்தது. அட்டையை வைத்திருப்பவருக்குக் காகிதம் சொந்தம், படம் அல்ல.

பல்லாவரம், தாம்பரம் வீட்டுப் பெட்டிகளில் இத்தகைய அட்டை இருந்தால், பின்பக்கத்தையும் சேர்த்து ஸ்கேன் செய்யுங்கள். தபால் முத்திரைதான் பல நேரங்களில் அதன் வயதைச் சொல்லும்.