அணை நிரம்பும் முன்பே ஏன் திறக்கிறார்கள்?

வ. புதுப்பட்டியில் நின்று மேற்கே பாருங்கள். மேற்குத் தொடர்ச்சி மலை சுவர் எழுப்பியது போலத் தெரியும். அதன் அடிவாரத்தில்தான் பிளவக்கல் இருக்கிறது. அங்கே பெரியாறு அணை, கோவிலாறு அணை என இரண்டு அணைகள். (இந்தப் பெரியாறு வேறு, கேரளத்தில் உள்ள முல்லைப் பெரியாறு வேறு. பரீட்சையில் குழப்பிக் கொள்ளாதீர்கள்!) பெரியாறு அணையில் 47 அடி வரையிலும், கோவிலாறு அணையில் 42 அடி வரையிலும் தண்ணீர் தேக்கலாம்.

இந்தத் தண்ணீர்தான் வத்திராயிருப்பு, கூமாப்பட்டி, புதுப்பட்டி வட்டாரக் கண்மாய்களுக்குப் போகிறது. நெல் விளைவது அதனால்தான். மிஞ்சிய நீர் அர்ச்சுனா நதியில் ஓடி, இருக்கன்குடியில் வைப்பாற்றோடு கலக்கிறது.

வகுப்பில் ஒரு மாணவன் கேட்டான்: "சார், கோடையில் தண்ணீருக்குத் தவிக்கிறோம். அணையில் இன்னும் இடம் இருக்கும்போதே ஏன் திறந்துவிடுகிறார்கள்? வீண்தானே?"

நல்ல கேள்வி. குழாயடியில் குடம் வைத்திருக்கிறீர்கள். கழுத்து வரை நிரம்பிவிட்டது. திடீரென்று குழாயில் தண்ணீர் வேகமாக வந்தால்? வருவதெல்லாம் வழிந்து வாசலுக்குப் போகும். குடத்தில் கொஞ்சம் இடம் இருந்தால் அந்த வேகத்தைக் குடமே தாங்கிக்கொள்ளும். அணையும் அப்படித்தான். இடம் விட்டு வைத்தால் வெள்ளத்தைத் தாங்கும். ஆனால் இடம் விட்டபின் மழை பெய்யாமல் போனால் பயிர் வாடும். ஷட்டரைத் திறக்கும் பொறியாளருக்கு இரண்டு பக்கமும் இடி!

இதில் தவறினால் என்ன ஆகும் என்பதைச் சென்னை பார்த்திருக்கிறது. செம்பரம்பாக்கம் ஏரியின் முழு ஆழம் 24 அடி. 2015 டிசம்பர் முதல் தேதி அங்கே ஒரே நாளில் ஏறக்குறைய 47 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஏரியோ ஏற்கெனவே நிரம்பும் நிலையில் இருந்தது. அன்றிரவு நொடிக்கு 29,000 கன அடி வரை அடையாற்றில் திறந்துவிட்டார்கள்.

கன அடி என்றால் என்ன? ஒரு அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம் உள்ள பெட்டியில் பிடிக்கும் தண்ணீர். அது 28.3 லிட்டர். 29,000 கன அடி என்றால் 8 லட்சம் லிட்டருக்கும் மேல். 12,000 லிட்டர் பிடிக்கும் லாரிகளில் சொன்னால், ஒவ்வொரு நொடியும் 68 லாரித் தண்ணீர்! மற்ற ஏரிகளின் உபரி நீரும் சேர, அடையாற்றின் கரையோரம் வீடுகள் மூழ்கின; பலர் உயிரிழந்தனர். முன்கூட்டியே சிறிது சிறிதாகத் திறந்திருக்கலாமே என்று ஒரு தரப்பு கேட்டது. விதிப்படிதான் திறந்தோம் என்றது அரசு. எனக்கு முதல் தரப்பின் கேள்வியே நியாயமாகப் படுகிறது.

வைகை அணையில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. 1959-இல் திறக்கப்பட்ட அந்த அணையின் முழு உயரம் 71 அடி. நீர்மட்டம் 66 அடியைத் தொட்டதும் கரையோர மக்களுக்கு முதல் எச்சரிக்கை. 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. அதன்பின் வருகிற தண்ணீரை அப்படியே ஆற்றில் விடுவார்கள். எச்சரிக்கை தேனியில் தொடங்கி இராமநாதபுரம் வரை ஐந்து மாவட்டங்களுக்குப் போகும்.

தண்ணீரே விடாமல் இருந்தாலும் ஆறு கெடும். மணலும் வண்டலும் அணைக்குள்ளேயே தங்கிவிடும். காய்ந்த ஆற்றில் சீமைக் கருவேலம் முளைக்கும், குப்பை சேரும். பிறகு வெள்ளம் வரும்போது போக வழியில்லாமல் கரையை உடைக்கும்.

ஆகவே, காய்ந்த ஆற்றுமணலில் கிரிக்கெட் ஆடும்போது மலைப்பக்கம் ஒரு கண் இருக்கட்டும். மலையில் மழை கறுத்தாலோ, அணை திறப்பதாக அறிவிப்பு வந்தாலோ, மட்டையையும் பந்தையும் எடுத்துக்கொண்டு கரையேறிவிடுங்கள். உங்கள் தலைமேல் வெயில் அடித்தாலும் சரி!

ஒரு கணக்கு. கண்மாய்க்கு நொடிக்கு 3 கன அடி வீதம் ஒரு நாள் முழுதும் திறந்துவிட்டால், எத்தனை லிட்டர் வரும்? ஒரு நாளுக்கு 86,400 நொடிகள். சுமார் 73 லட்சம் லிட்டர் வந்தால் உங்கள் விடை சரி.