ஒரு பொறி, இரு ஆட்சி

தோப்பும்படியிலிருந்து வில்லிங்டன் தீவுக்குப் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள். கப்பல் வந்தால் நடுப்பகுதியைத் தூக்கி வழிவிடும்படி கட்டப்பட்ட பழைய துறைமுகப் பாலம் ஒன்று. 2001-இல் திறக்கப்பட்ட புதிய பாலம் ஒன்று. புதியது வந்துவிட்டதென்று பழையதை இடித்தெறிந்தார்களா? இல்லை. காயல் ஒன்று, பாலம் இரண்டு; ஒரு நேரத்தில் ஒன்றின்மீதுதான் போகலாம். ஒரே கணிப்பொறியில் இரண்டு இயங்குதளங்களை வைத்துக்கொள்வதும் ஏறத்தாழ இத்தகையதே.

இதை இப்போது எழுதுவானேன்? 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமாக வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சில்லு நம்மில் பலருடைய பழைய மடிக்கணினிகளில் இல்லை. புதிது வாங்கப் பணத்துக்கு எங்கே போவது? நல்ல பொறியைக் காயலான் கடைக்குப் போடுவதா? வேண்டியதில்லை. இணையத்துக்கும் எழுத்து வேலைக்கும் லினக்ஸ். அதில் ஓடாத பாடமென்பொருளுக்கு மட்டும், இணையத்தைத் துண்டித்துவிட்டு, பழைய விண்டோஸ். இப்படிப் பகிர்ந்துகொண்டால் படிப்பு முடியும்வரை அந்தப் பொறி உழைக்கும்.

நமக்கு இது புதிதுமன்று. 2011 செப்டம்பர் 15-இல் தமிழக அரசு மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கிய காலத்தில், விண்டோசோடு சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்சும் சேர்ந்தே வந்தது. நம்மவர் பலர் அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. அதை நீக்குவது எப்படி என்பதையே முதற்பாடமாகக் கற்றார்கள்! கேரள அரசுப் பள்ளிகளிலோ கைட் நிறுவனம் தரும் லினக்சில்தான் கணினிப் பாடம் நடக்கிறது. தோப்பும்படியில் அடுத்த வீட்டுப் பள்ளிச் சிறுமிக்குப் பழகிப்போன ஒன்றைக் கண்டு, பட்டம் பெற வந்த நாம் அஞ்சுவது அழகன்று.

பொறியைத் திறந்ததும் முதலில் விழிப்பது இயங்குதளமன்று; தாய்ப்பலகையில் பதிந்திருக்கும் சிறு நிரல். வட்டின் ஒரு சிறு பகுதியில் இருக்கும் தொடக்கியை அது எழுப்புகிறது. லினக்ஸ் வந்தபின் அங்கே கிரப் என்னும் தொடக்கி அமர்ந்து, 'எது வேண்டும்?' என்று பட்டியல் காட்டிச் சில நொடி காத்திருக்கும். தேர்ந்தது மட்டுமே ஓடுவதால் நினைவகம் முழுவதும் அதற்கே கிடைக்கும்.

இனிச் செய்முறை. முதல் வேலை, ஆய்வேடு, படங்கள், சான்றிதழ்கள் எல்லாவற்றையும் வேறொரு வட்டில் படியெடுப்பது. இதைச் செய்யாதவர் இதற்குமேல் படிக்கவேண்டா! அடுத்து, பிட்லாக்கர் என்னும் பூட்டு உங்கள் வட்டில் உண்டா என்று பாருங்கள். புதிய பொறிகளில் அது கேளாமலே பூட்டிக்கொண்டிருக்கும். தொடங்கும் முறை மாறியதும் 48 இலக்கச் சாவியைக் கேட்கும். சாவி கையில் இல்லையேல் உள்ளே இருப்பதெல்லாம் போனதுதான். அதைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் லினக்சை ஏற்றி, நிறுவாமலே ஓட்டிப் பாருங்கள். வைஃபை, ஒலி, தொடுபலகை யாவும் இயங்கினால் விண்டோசுக்குத் திரும்பி, அதன் வட்டு மேலாண்மைக் கருவியாலேயே ஒரு 50 ஜிபி இடத்தைச் சுருக்கி விடுவியுங்கள். நிறுவும்போது 'விண்டோசுக்கு அருகில் நிறுவுக' என்னும் வழியைத் தேருங்கள். அதன் பக்கத்திலேயே 'வட்டை அழித்து நிறுவுக' என்றும் ஒன்று இருக்கும். பலருடைய கண்ணீருக்குக் காரணம் அந்த ஒரு வரிதான். தூக்கக் கலக்கத்தில் இந்த வேலையைச் செய்யாதீர்கள்.

நிறுவியபின் இரண்டு தொல்லைகள் வரலாம். விண்டோசின் 'விரைவுத் தொடக்கம்' பொறியை முழுவதும் அணைக்காமல் அரைத்தூக்கத்தில் விட்டுவிடும். அந்த நிலையில் லினக்சிலிருந்து விண்டோஸ் பகுதியில் எழுத முடியாது. அதை நிறுத்திவிடுங்கள். மற்றது கடிகாரம். மாலை 6 மணிக்கு விண்டோஸ் பகல் 12.30 என்று காட்டும்! பொறியின் கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொதுநேரமாகக் கொள்கிறது. விண்டோஸ் அதையே உள்ளூர் நேரமாகக் கொள்கிறது. இரண்டுக்கும் இடையே நம் நாட்டுக்குரிய ஐந்தரை மணி. உள்ளூர் நேரத்தையே கொள்க என்று லினக்சுக்கு ஒருமுறை கட்டளையிட்டால் தீர்ந்தது.

தமிழ் எழுதத் தமிழ்99 விசைப்பலகை இரண்டிலும் உண்டு; ஒருங்குறியில் எழுதியதை இரண்டும் படிக்கும்.

லினக்ஸ் பிடிக்காமற்போனால் அதன் பகுதியை உடனே அழித்துவிடாதீர்கள். கிரப் தான் தேடும் கோப்புகளைக் காணாமல் கறுப்புத் திரையில் நின்றுவிடும். முதலில் தாய்ப்பலகையின் அமைப்புகளுக்குள் சென்று விண்டோஸ் தொடக்கியை முதலிடத்தில் வைத்து, ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு, அதன்பின் அழியுங்கள்.