விளையாட்டுப் பெட்டிக்கு ஒரு கைப்பலகை

காசு போட்டு விளையாடும் அந்தக் கால வீடியோ விளையாட்டுப் பெட்டியைப் போல் ஒன்றை வீட்டிலேயே செய்யப் போகிறேன் என்று உங்கள் பிள்ளை பலகையும் வயருமாக வந்து நின்றால் உடனே ஏசிவிடாதீர்கள். முழுப் பெட்டியும் செய்வது தச்சு வேலைதான். ஆனால் கை வைத்து விளையாடும் பலகையை வீட்டு மேசையிலேயே செய்து முடிக்கலாம்.

முதலில், எந்த விளையாட்டுக்காகச் செய்கிறீர்கள் என்று கேளுங்கள். 1980இல் ஜப்பானில் வந்த பெக்மேனை உருவாக்கிய தொரு இவதானி, பெண்களும் விரும்பி விளையாட வேண்டும் என்றே எண்ணினார். அதற்குப் பலகையின் நடுவில் ஒரு ஜோய்ஸ்டிக் போதும். இடக்கைப் பிள்ளைக்கும் அது வசதி. அடுத்த வருடம் அமெரிக்காவில் வந்த டிஃபென்டருக்கோ ஜோய்ஸ்டிக்குடன் ஐந்து பொத்தான்கள்! எல்லா விளையாட்டுக்கும் ஒரே பலகை என்று ஆசைப்பட்டு, பொத்தான்களால் நிரப்பிவிடுகிறவர்கள் பலர். பிறகு சின்னப் பிள்ளைக்கு எதை அமுக்குவதென்றே தெரியாது.

சட்டை தைக்குமுன் கடதாசியில் வெட்டிப் பார்க்கிறோமல்லவா? இங்கும் அதுதான். பலகையின் அளவுக்கு ஒரு காட்போட் மட்டையை வெட்டி, விளையாடப் போகிறவர்களின் கைகளை அதன்மேல் வைக்கச் சொல்லுங்கள். விரல் நுனிகளைப் பென்சிலால் குறியுங்கள். விரல்கள் ஒரே நீளமல்ல. ஆகவே பொத்தான்களும் நேர்கோட்டில் அல்ல, சற்று வளைந்தே வரும். மணிக்கட்டு பலகையில் சாய இடம் விடுங்கள். மட்டையில் துளையிட்டுப் பொத்தான்களை மாட்டி, அரை மணி நேரம் சும்மா அமுக்கிப் பார்க்கட்டும். கை வலித்தால் மட்டைதானே, இன்னொன்று வெட்டலாம்.

பொத்தானை வாங்கிய பின்பே மரத்தில் துளையிடுங்கள். ஜப்பானிய வகைக்கு 30 மில்லிமீற்றர் துளை வேண்டும். அமெரிக்க வகைக்கு ஏறத்தாழ 28. அழுத்திச் சொருகும் பொத்தான் மெல்லிய தகட்டுக்கே பொருந்தும். தடித்த பலகைக்கு, அடியில் நட் முறுக்கும் நீளமான வகையைக் கேளுங்கள். எம்.டி.எஃப். பலகையின் தூள் நெஞ்சுக்கு ஆகாது. முற்றத்தில் வைத்து, முகமூடி அணிந்தே துளையிட வேண்டும்.

வயர் வேலைக்குப் பயப்படத் தேவையில்லை. கணனியின் யூ.எஸ்.பி. துவாரத்தில் பொருத்தும் சிறு சர்க்கிட் அட்டை ஒன்று கிடைக்கிறது. அதில் ஓடுவது 5 வோல்ட் மட்டுமே. ஒவ்வொரு பொத்தானிலிருந்தும் ஒரு வயர் அட்டையிலுள்ள தனித்தனி முனைக்குப் போகும். மற்ற வயர், பொத்தானுக்குப் பொத்தான் மாலை கோர்த்ததுபோல் தொடர்ந்து பொது முனையில் சேரும். பொத்தானின் அடியிலுள்ள சுவிட்சில் மூன்று முனைகள் இருந்தால், ‘கொம்’, ‘என்.ஓ.’ இரண்டிலும் மாட்டுங்கள். தவறி ‘என்.சி.’யில் மாட்டினால், தொடாமலே அமுக்கியதுபோல் விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும்!

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். திரைக்காகப் பழைய குழாய்த் தொலைக்காட்சியைக் கழற்ற விடாதீர்கள். செருகியை இழுத்த பிறகும் அதற்குள் உயிர்போகும் மின்சாரம் தங்கியிருக்கக்கூடும். தட்டையான கணனித் திரை போதும். விளையாட்டுகளையும் உரிமையோடு விற்கப்படும் தொகுப்பாக வாங்கிக் கொடுங்கள். பழையவை என்பதால் அவை இலவசமாகிவிடவில்லை.

பலகையின் அடிமூடியைப் பசை போட்டு ஒட்டாமல் திருகாணியால் பூட்டச் சொல்லுங்கள். ஏதாவதொரு வயர் கழன்றே தீரும்.