மனிதனை இனங்காணும் மோட்டார் வண்டி

மணிக்கு 50 கிலோமீற்றர் கதியிற் செல்லும் மோட்டார் வண்டி ஒரு செக்கனில் ஏறக்குறைய 14 மீற்றர் தூரம் ஓடிவிடும். வீதியின் குறுக்கே ஒருவர் வருவதைக் கண்ணுற்ற சாரதி, பிரேக் எனப்படும் தடுப்பை மிதிக்கும் வரையிற் கழிவது ஏறத்தாழ அந்த ஒரு செக்கனேயாம். அதன்பின் உலர்ந்த வீதியில் வண்டி நிற்பதற்கு மேலும் 14 மீற்றர் வேண்டும். ஆகவே, 17 மீற்றருக்கு அப்பால் ஒரு பாதசாரி திடீரெனத் தோன்றுவாராயின், மோதும் வேளையிலும் வண்டியின் கதி மணிக்கு ஏறக்குறைய 44 கிலோமீற்றராகவே இருக்கும். அந்த ஒரு செக்கனை ஐந்திலொன்றாகக் குறைக்க இயலுமாயின், அதே வண்டி அவரைத் தீண்டாது நின்றுவிடும். தானியங்கித் தடுப்பு முறையின் பயன் முழுவதும் இச்சிறு கணக்கில் அடங்கியுள்ளது.

தடுப்பை அழுத்துதல் இயந்திரத்துக்கு எளிது. எதற்காக அழுத்துவது என அறிதலே அரிது. வண்டியின் முகப்பிலுள்ள ராடார் வானொலி அலைகளை அனுப்பி, எதிரொலித்து வருவனவற்றைக் கொண்டு பொருளின் தூரத்தையும் கதியையும் அளக்கின்றது. உலோகத்தாலாகிய வண்டி அவ்வலைகளை வலிமையாகத் திருப்பும். மனித உடலோ மெலிதாகவே திருப்பும். கமெராவுக்கு உருவம் தெரியுமாயினும், குடை பிடித்தவர், குனிந்தவர், சுமை தாங்கியவர், குழந்தை என மனித உருவம் எண்ணிறந்த வடிவங்கொள்ளும். ஐயமுற்றபோதெல்லாம் தடுப்பை அழுத்திவிடலாமே எனின், காரணமின்றித் திடீரென நிற்கும் வண்டியைப் பின்னால் வருவது மோதிவிடும். எனவே பல வண்டிகளில் ராடாரும் கமெராவும் இரு சாட்சிகள் போல ஒத்துரைக்கும் வரை முழுத் தடுப்பு இடப்படுவதில்லை.

2005ஆம் ஆண்டில் பிரான்சின் இன்ரியா ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த நவநீத் தலால், பில் திரிக்ஸ் என்னும் இருவர் ஒரு வழி காட்டினர். படத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒளியும் நிழலும் எத்திசையில் மாறுகின்றன எனக் கணக்கிட்டால், நிறமும் உடையும் எதுவாயினும் தலை, தோள், கால் என்பவற்றின் கோடுகள் புலப்படும் என்பது அவர்தம் முறை. 2010இல் வொல்வோ நிறுவனம் பாதசாரியைக் கண்டு தானே முழுத் தடுப்பிடும் ஏற்பாட்டைத் தன் எஸ் 60 வண்டியிற் புகுத்தியது. பின்னர், ஏராளமான படங்களைக் கண்டு தாமே பயிலும் நரம்பு வலைப்பின்னல்கள் பழைய முறைகளைப் பெரிதும் பின்தள்ளின.

கண்ணுக்குத் தெரிவதும் இன்னதென அறிவதும் ஒன்றல்ல என்பதற்கு 2018 மார்ச் 18ஆம் தேதி இரவு அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து டெம்பி நகரில் நிகழ்ந்த விபத்தே தக்க சான்றாம். துவிச்சக்கர வண்டியொன்றை உருட்டிக்கொண்டு வீதியைக் கடந்த பெண்ணொருவரை, ஊபர் நிறுவனம் சோதனைக்கு விட்ட தானே ஓடும் வண்டி மோதிக் கொன்றது. மோதலுக்கு 5.6 செக்கன் முன்னரே அவ்வண்டியின் கருவிகள் அவரைக் கண்டுவிட்டன. வண்டியை நிறுத்த அது போதிய காலமே. எனினும் கணனி அவரை ஒருகால் மோட்டார் வண்டி என்றும், ஒருகால் வேறு பொருள் என்றும், பின் துவிச்சக்கர வண்டி என்றும் மாற்றி மாற்றி வகுத்தது. வகுப்பு மாறுந்தோறும் அவர் முன்பு நகர்ந்து வந்த தடத்தையும் அது கைவிட்டது. ஆதலின் அவர் செல்லும் திசையை ஊகிக்க அதற்கு இயலவில்லை. பாதசாரிக் கடவைக்குப் புறம்பான இடத்தில் ஒருவர் வீதியைக் கடப்பார் என்னும் எண்ணமே அதன் நிரலில் இடம்பெறவில்லை! அவ்வண்டியுடன் வந்த வொல்வோவின் சொந்தத் தடுப்பு முறையும், கணனி ஓட்டும் வேளையிற் செயற்படாதவாறு நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. மேற்பார்வைக்கு இருந்த சாரதியின் கவனம் கைத்தொலைபேசியில் இருந்தது. கடவையில் நடப்பவர் மட்டுமே மனிதர் என வகுத்தது இயந்திரமன்று. அதற்கு விதி எழுதியவர்களே.

இரவு இன்னொரு தடை. அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்புறுதி நிறுவகம் 2022இல் வெளியிட்ட ஆய்வின்படி, இம்முறை பூண்ட வண்டிகள் பாதசாரிகளை மோதும் வீதம் 27 சதவீதம் குறைவாக இருந்தது. ஆனால் தெருவிளக்கில்லாத இருண்ட வீதிகளில், இம்முறை பூண்டவற்றுக்கும் பூணாதவற்றுக்கும் வேறுபாடே காணப்படவில்லை. 2024 ஏப்ரலில் அந்நாட்டரசு, பாதசாரிகளை இனங்கண்டு தானே தடுப்பிடும் முறை புதிய சிறு வண்டிகள் யாவற்றிலும் இருத்தல் வேண்டுமென விதி வெளியிட்டு, 2029 செப்டெம்பரைக் காலவெல்லையாகக் குறித்தது. அவ்விதியிற் கூறப்பட்ட சோதனைகள் பகலில் மட்டுமன்றி இருளிலும் நடத்தப்பட வேண்டியவை.