பானைக்குள் இருக்கும் மருந்து

பாம்புக் கடிக்கு ஆஸ்பத்திரியில் ஊசி போடுகிறார்களே, அந்த மருந்து எப்படி வருகிறது தெரியுமோ? பாம்பின் விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குதிரைக்கு ஏற்றி, அதன் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புச் சத்தைப் பிரித்தெடுத்துச் செய்கிறார்கள். அதற்கு முதலில் விஷம் வேண்டுமே! பாம்பை யார் பிடிப்பது?

செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள்தான். வரப்பில் நடந்துகொண்டே, மண்ணில் லேசாகத் தெரியும் தடம், உரித்துப் போட்ட சட்டை, எச்சம் இவற்றைப் பார்த்து, இந்த வளையில் இன்ன பாம்பு என்று சொல்லிவிடுவார்கள். நம் கண்ணுக்கு அது வெறும் எலி வளை! சிறு வயதிலிருந்தே பெரியவர்களோடு காட்டில் திரிந்து கற்ற படிப்பு அது.

முன்பெல்லாம் தோலுக்காகப் பிடித்தார்கள். 1972-ல் வனவிலங்குச் சட்டம் வந்தது. 1976-ல் பாம்புத் தோல் ஏற்றுமதியும் நின்றது. பிழைப்பு போயிற்று. ரோமுலஸ் விட்டேக்கர் துணை நிற்க, 1978-ல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. மாமல்லபுரம் போகும் வழியில், வடநெம்மேலியில் இருக்கிறது. நான் போய்ப் பார்த்திருக்கிறேன். வரிசையாக மண்பானைகள், வாயில் துணி கட்டி, நம் வீட்டு ஊறுகாய் ஜாடி மாதிரியே! உள்ளே நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், கட்டுவிரியன், சுருட்டை விரியன். வாரம் ஒரு தடவையாக நாலு தடவை விஷம் எடுத்துவிட்டு, திரும்பக் காட்டிலேயே விட்டுவிடுவார்கள். கொல்வதில்லை.

2017-ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் பெருகிவிட்ட மலைப்பாம்புகளைப் பிடிக்க மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரு இருளர்களை அழைத்தார்கள். நாலு வாரத்துக்குள் 27 பாம்பு! 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. ரொம்பத் தாமதம் என்பேன் நான்.

இதைச் சொல்வதால், வேரும் மந்திரமும் போதும் என்று யாரும் இருந்துவிட வேண்டாம். கடித்த இடத்தைக் கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள், கயிற்றால் இறுக்கிக் கட்டாதீர்கள். கொலுசு, வளையல், மோதிரத்தைக் கழற்றி, கடிபட்ட கை காலை அசைக்காமல், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பாம்பைத் தேடி அடித்துக் கொண்டுபோக வேண்டாம்; மேலே சொன்ன நாலுக்கும் ஒரே மருந்துதான்.

எந்தப் பாம்பு எப்போது திரியும் என்பது இருளர்களுக்கு அத்துப்படி. கட்டுவிரியன் ராத்திரியில்தான் வரும். தரையில் தூங்கும் குழந்தையைக் கடித்தால் வலியே தெரியாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்றுவலி, வாந்தி, இமை கனத்துத் தொங்குவது என்று ஆரம்பிக்கும். அஜீரணம் என்று ஓமத் தண்ணீர் கொடுத்து நேரத்தைப் போக்காதீர்கள். தரையில் படுப்பதானால் கொசுவலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகிவிட்டுப் படுங்கள்.