தேநீர் ஊற்றிய தொண்டர்கள்

பிறருக்குத் தொண்டு செய்யப் புறப்படுவோர் முதலிற் பயில வேண்டியது வாய் பேசாதிருத்தலே என்று சொன்னால், ஆசிரியத் தொழில் புரியும் என்னைப் போன்றோர் சற்று முகஞ் சுளிக்கக்கூடும். பேசுவதற்கே ஊதியம் பெறுபவர்கள் நாம். ஆயினும், 1953ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரிலுள்ள கிறிஸ்தவ ஆலயமொன்றில் தொடங்கிய ஒரு தொண்டின் வரலாற்றைப் படித்தபோது, இருபதாண்டுக் காலம் வகுப்பறையில் நின்று பேசிய எனக்கே அது ஒரு பாடமாக அமைந்தது. நான் சைவ மரபில் வளர்ந்தவன். எனினும், நல்லது எங்கிருந்து வரினும் கொள்ளத்தக்கதே என்னும் எண்ணத்தால் அதனை இங்கு எழுத முற்படுகின்றேன்.

லிங்கன் நகரச் சிறுமி

1935ஆம் ஆண்டு இங்கிலாந்தின் லிங்கன் நகரிற் பணியாற்றிய சாட் வாரா என்னும் இளங் குருவானவர், தம் வாழ்வில் முதன்முதலாக ஓர் அடக்கச் சடங்கை நடத்த நேர்ந்தது. இறந்தவள் 14 வயதுச் சிறுமி. பூப்பெய்திய வேளையில் தன் உடலில் தோன்றிய இயற்கையான மாற்றத்தை, வெளியே சொல்லத் தகாத கொடிய நோயொன்றின் அறிகுறி என எண்ணி அஞ்சி, அவள் தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டாள். தாயோ, தமக்கையோ, ஆசிரியையோ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அக்குழந்தை பிழைத்திருப்பாள். நம் வீடுகளில் அதே மாற்றத்துக்குச் சாமத்தியச் சடங்கு வைத்து ஊரையே அழைக்கின்றோம். ஆனால், அலங்கரித்து மணையில் இருத்திய பிள்ளையின் மனத்தில் என்ன அச்சம் இருக்கின்றதென்று அருகிலிருந்து கேட்போர் எத்தனை பேர்?

அச்சிறுமியின் நினைவு குருவானவரை விட்டு நீங்கவில்லை. பதினெட்டு ஆண்டுகளின் பின்னர், 1953இல், இலண்டனின் வணிகப் பகுதியிலுள்ள வால்புரூக் புனித ஸ்தேவான் ஆலயத்தின் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. சேர் கிறிஸ்தோபர் ரென் என்னும் புகழ்பெற்ற சிற்பி 17ஆம் நூற்றாண்டில் எழுப்பிய ஆலயம் அது. சுற்றிலும் வங்கிகளும் வர்த்தக நிலையங்களுமே இருந்தன. குடியிருப்போர் மிகச் சிலர். ஆதலின் ஆலய வேலை குறைவாகவும் ஓய்வு நேரம் மிகுதியாகவும் இருந்தன. அந்நேரத்தை எவ்வாறு பயன்படுத்துவதென அவர் முன்னரே தீர்மானித்திருந்தார்.

வீடு தீப்பற்றினால் 999 என்னும் இலக்கத்தைச் சுழற்றி உதவி பெறலாம்; மனம் பற்றியெரியும்போது யாரை அழைப்பது? இக்கேள்விக்கு விடையாக, ஆலயத்தின் தொலைபேசியைத் துன்புற்றோருக்கெனத் திறந்துவைத்தார். 1953 நவம்பர் 2ஆந் திகதி முதல் அழைப்பு வந்தது. அக்காலத்தில் அந்நாட்டில் தற்கொலைக்கு முயல்வது சட்டப்படி குற்றம். 1961ஆம் ஆண்டிலேயே அந்நிலை மாறியது. உயிரை வெறுத்த ஒருவர் அதனை வாய்விட்டுச் சொல்லவும் அஞ்சிய காலத்தில், அஞ்சாது சொல்வதற்கு ஓரிடம் கிடைத்தது.

எதிர்பாராத மருந்து

செய்தி பரவவே, ஆலயத்தை நாடி வருவோர் தொகை பெருகிற்று. குருவானவர் ஒருவர், காத்திருப்போரோ பலர். அவருக்கு உதவி செய்வதற்குச் சாதாரண மக்கள் சிலர் தாமாக முன்வந்தனர். அவர்கள் உளவியல் பயின்றவர்களல்லர். காத்திருப்போருக்குத் தேநீரோ கோப்பியோ ஊற்றிக் கொடுத்து, முறை வரும்வரை பக்கத்தில் இருந்து, சொல்வதைக் கேட்டுக்கொண்டிருப்பதே அவர்கள் செய்த வேலை.

சில வாரங்களில் குருவானவர் ஒரு புதுமையைக் கவனித்தார். காத்திருந்தவர்களிற் பலர் அவரைக் காணாமலே ஆறுதலடைந்து வீடு திரும்பினர். பாரத்தை இறக்கிவைக்கப் பக்கத்திலிருந்த தொண்டரின் செவியே அவர்களுக்குப் போதுமாயிருந்தது. தம் புலமையினும் அத்தொண்டர்களின் பொறுமை அதிகம் பயன் விளைப்பதைக் கண்ட அவர், மனம் கோணவில்லை. 1954 பெப்ரவரியில் தொலைபேசிப் பொறுப்பையே அவர்களிடம் ஒப்படைத்தார். தொண்டர்களைத் தேர்ந்து, பயிற்றி, மருத்துவ உதவி வேண்டியோரை மருத்துவரிடம் அனுப்பும் ஒழுங்கையும் வகுத்தார். ஒரு தலைவர் தம்மினும் எளியோரிடம் தம் வேலையை விட்டுக்கொடுத்த இந்நிகழ்ச்சியை நான் பெரிதும் மதிக்கின்றேன்.

சமாரியரும் சமயமும்

பத்திரிகையொன்று இத்தொண்டை விவிலியத்தில் வரும் நல்ல சமாரியனுடன் ஒப்பிட்டு எழுதவே, தொண்டர்களுக்குச் ‘சமாரியர்’ என்னும் பெயர் நிலைத்தது. அக்கதையை நம்மவரிற் பலர் அறிவர். கள்வர் கையில் அடிபட்டு வழியில் ஒருவன் கிடக்கின்றான். அவனுடைய சமயத்தைச் சேர்ந்த பெரியோர் இருவர் விலகிப் போகின்றனர். அவன் இனத்தார் தீண்டவும் விரும்பாத சமாரியன் ஒருவனே காயங்களைக் கட்டி, சத்திரத்திற் சேர்த்து, செலவுக்கும் பணம் கொடுக்கின்றான். வீழ்ந்து கிடந்தவனிடம், “உன் சமயம் யாது?” என்று அவன் கேட்கவில்லை.

அத்தொண்டர்களும் கேட்கவில்லை. ஆலயத்திற் பிறந்த தொண்டாயினும், தொண்டர் எவரும் தம் சமயக் கொள்கையையோ அரசியற் கருத்தையோ வருவோர்மேற் சுமத்தலாகாது என்பது அவர்களின் உறுதியான விதி. எச்சமயத்தவரும், சமய நம்பிக்கையே இல்லாதவரும் அங்கே தொண்டராகலாம். துன்பத்தில் இருப்பவனின் தளர்ச்சியைத் தம் மதத்துக்கு ஆள் சேர்க்கும் வாய்ப்பாகக் கொள்ளாத இந்த நேர்மையே, எல்லாச் சமயத்தவரும் அத்தொண்டை நம்புவதற்கு அடிப்படையாயிற்று. 2020ஆம் ஆண்டளவில் பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் 200 அளவிலான கிளைகளில் ஏறக்குறைய 20,000 தொண்டர்கள் பணியாற்றினர். சாட் வாரா 2007இல் தமது 95ஆவது வயதிற் காலமானார்.

நான் கேளாத கதை

இதனைப் படித்தபோது என் பழைய மாணவன் ஒருவன் என் நினைவுக்கு வந்தான். சில ஆண்டுகளுக்கு முன்னர், உயர்தர வகுப்பிற் படித்த அவன், கல்லூரி கலைந்தபின் என்னிடம் வந்து, “சேர், ஒரு விஷயம் கதைக்க வேணும்” என்றான். அவனுடைய புள்ளிகள் அக்காலத்திற் குறைந்திருந்தன. அதுபற்றியே கேட்க வந்தான் என்று நானே முடிவு செய்தேன். நேர அட்டவணை வகுக்கும் முறையையும், வைகறையில் எழுந்து படிப்பதன் பயனையும் அரைமணி நேரம் எடுத்துரைத்தேன். குனிந்த தலை நிமிராமற் கேட்டுக்கொண்டிருந்தவன், “சரி, சேர்” என்று சொல்லிப் போய்விட்டான். மறுமாதம் அவன் வகுப்பில் இல்லை. தந்தையார் கடன்பட்டு வீட்டை விட்டுப் போய்விட, மூத்த பிள்ளையாகிய அவன் கடையொன்றில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான் என்பதை அவனுடைய தாயார் சொல்லப் பின்னர் அறிந்தேன். கதைக்க வந்தவன் அவன், கதைத்தவன் நான். அன்று ஐந்து நிமிடம் சும்மா இருந்திருப்பேனாயின், அவனுடைய படிப்புக்கு ஏதேனும் ஒரு வழி தேடியிருக்கலாம்.

வள்ளுவர் ‘கேள்வி’ என ஓர் அதிகாரமே வகுத்தார். அது கற்றோரிடம் அறிவைப் பெறுவதற்கான செவி. வருந்தியவரிடம் துயரத்தைப் பெற்றுக்கொள்ளும் செவியும் ஒன்று வேண்டும். அதற்கு நம் பாடத்திட்டத்தில் இடமில்லை.

நம் நாட்டில்

இலங்கைக்கு இவ்விடயம் புறம்பானதன்று. 1995ஆம் ஆண்டில், ஓர் இலட்சம் மக்களுக்கு 47 பேர் என்னும் அளவில் இங்கே தற்கொலைகள் நிகழ்ந்தன. உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களுள் அது ஒன்று. கொடிய நச்சுத்தன்மை வாய்ந்த பூச்சிகொல்லிகளைப் படிப்படியாகத் தடைசெய்ததன் பயனாக, அடுத்த இருபதாண்டுகளில் அவ்விகிதம் 70 வீதத்துக்கு மேற் குறைந்தது. தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கொண்ட சட்டமும் 1998இல் நீக்கப்பட்டது. எனினும், நஞ்சைத் தடுத்த சட்டத்தால் மனத்தின் தனிமையைத் தடுக்க இயலாது. அதற்கு மனிதரே வேண்டும். இலண்டன் சமாரியரின் வழியிலே 1974இல் கொழும்பில் தொடங்கிய ‘சுமித்ரயோ’ நிறுவனத்தின் தொண்டர்கள், சமயச் சார்பின்றி, கட்டணமின்றி, சொன்னதை வெளிவிடாது இப்பணியைச் செய்து வருகின்றனர். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கமும் உண்டு. மாணவர்கள் இவ்விலக்கத்தைக் குறித்து வைத்துக்கொள்வது நன்று.

பெற்றோரும் ஆசிரியரும் இத்தொண்டுக்கெனத் தனியாக எங்கும் போகவேண்டியதில்லை. பிள்ளை ஏதோ சொல்ல வாயெடுக்கும்போது, நாம் வைத்திருக்கும் புத்திமதியைச் சற்று நேரம் அடக்கிக்கொண்டு, விறாந்தையிலே ஒரு கோப்பைத் தேநீருடன் அதன் பக்கத்தில் அமர்ந்தாற் போதும். நான் இப்பொழுதுதான் பழகிவருகின்றேன். பேசுவதைவிட அது கடினமாகவே இருக்கின்றது.